சேலத்துக்காரனுக்குத் தண்ணியில கண்டமா?

"சேலம், நாமக்கல் பக்கம் மாத்தலாகி வந்துட்டேன், படகு விட, வேக்போர்டு பழக எங்கப்பா போறது?" அப்படின்னு யாராவது கேட்டா நம்மாளுங்க கிட்ட ரெண்டே பதில்தான். ஒண்ணு, "ஏற்காடு போங்க". இன்னொண்ணு, "குடிக்கவே தண்ணி இல்ல, இதுல உனக்கு விளையாட்டு கேக்குதா?" முட்டுக்காட்டுப் பக்கம் இருந்துட்டு இங்க குடிவந்தவன்ங்கிற முறையில சொல்றேன், ரெண்டுமே தப்பு.

ஏற்காடு ஏரி அழகுதான். குடும்பத்தோட மிதிபடகுல ஒரு சுத்து சுத்திட்டு மிளகாய் பஜ்ஜி சாப்பிடலாம். கொல்லிமலை வாசலூர்பட்டி படகு இல்லமும் அப்படித்தான். வேக்போர்டுங்கிறது வேற சமாச்சாரம். காலை ஒரு பலகையில பூட்டிக்கிட்டு, கயித்தைப் புடிச்சிக்கிட்டு, மணிக்கு ஏறக்குறைய 30 கிலோமீட்டர் வேகத்துல இழுபட்டுப் போகணும். அதுக்கு நீளமா, நேரா, அடியில பாறை இல்லாத தண்ணி வேணும்.

ரெண்டாவது பதில் சொல்ற அண்ணன்மாருக்கு: தண்ணி மேல பலகையில போறவன் தண்ணியைக் காலி பண்ணிட மாட்டான். (விழும்போது கொஞ்சம் குடிப்பான், அது வேற கதை. ஹி ஹி.)

"அப்ப மேட்டூர் இருக்கே?" இங்கதான் எனக்கு நம்ம விளையாட்டு ஆர்வலர்களோடவே சண்டை. 1934-ல திறந்த ஸ்டான்லி நீர்த்தேக்கம், கொள்ளளவு 93.47 டிஎம்சி, முழு உயரம் 120 அடி. பேப்பர்ல படிச்சா வாயில எச்சில் ஊறும். ஆனா அது டெல்டா பாசனத்துக்கான தண்ணி. ஏறும், இறங்கும். மட்டம் நல்லா இறங்கினா பண்ணவாடியில முங்கிக்கிடக்கிற நந்தி சிலை வெளியே வரும், பழைய தேவாலயக் கோபுரம் வரும். ஒரு நாள் கரையா இருந்த இடம் கொஞ்ச மாசத்துல பொட்டல். அந்த நந்தி அரைகுறையா முங்கி இருக்கிற சமயத்துல வேகப்படகுல போறதை நினைச்சுப் பாருங்க! அதுக்கும் மேல, அந்த அணையில வலை போட்டுத்தான் பல குடும்பம் சாப்பிடுது. நம்ம ஞாயித்துக்கிழமை குஷிக்கு அவங்க வலையைப் படகு விசிறியில சுத்தி அறுக்கறதுக்கு எந்த நியாயமும் கிடையாது.

பார்க்க வேண்டியது அணைக்குக் கீழே. செக்கானூர், நெருஞ்சிப்பேட்டை, கோனேரிப்பட்டி, ஊராட்சிக்கோட்டைன்னு மின்சாரம் எடுக்க வரிசையா கதவணை கட்டி வெச்சிருக்காங்க. மின்சாரம் எடுக்கணும்னா தண்ணி ஒரு உயரத்துல நிக்கணும். அதனால கதவணைக்குப் பின்னாடி மட்டம் மேட்டூர் மாதிரி தாறுமாறா ஏறி இறங்காது. நெருஞ்சிப்பேட்டை கதவணைத் தண்ணியிலதான் எடப்பாடி பக்கத்துப் பூலாம்பட்டி இருக்கு. இந்தக் கரை சேலம் மாவட்டம், அந்தக் கரை ஈரோடு மாவட்டம். நடுவுல விசைப்படகு ஆளையும் டூவீலரையும் ஏத்திக்கிட்டுப் போகுது. 'குட்டி கேரளா'ன்னு பேர் வெச்சிருக்காங்க. (நம்ம ஊர் நல்லா இருந்தா அதுக்கும் கேரளா பேர்தான். என்ன பொழப்போ.) பவானியைத் தாண்டிக் கீழே போகாதீங்க. குமாரபாளையம், பள்ளிபாளையம் சாயக்கழிவு பத்தி நான் சொல்லித் தெரிய வேண்டியதில்ல.

இந்தப் பூலாம்பட்டித் தண்ணியில ஒரு ஓரமா, பரிசலும் படகும் போகாத இடத்துல, ஒரு நீளத்தை ஒதுக்கிக் கொடுங்கன்னு கேக்கறேன். பெட்ரோல் படகு கூட வேணாம். ரெண்டு கம்பம் நட்டு, நடுவுல கம்பி இழுத்து, கரண்ட் மோட்டார்ல ஆளை இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் இழுக்கிற அமைப்பு வெளிநாட்டுல ரொம்ப நாளா இருக்கு. புகை இல்ல, எண்ணெய் இல்ல, வலையை அறுக்க விசிறி இல்ல. ஊரே குடிக்கிற ஆத்துல இதுதான் சரி. வெள்ளம் வந்தா மூடிடுங்க. 2022 ஆகஸ்ட்ல மேட்டூர்லேர்ந்து ரெண்டு லட்சம் கனஅடிக்கு மேல திறந்தாங்க, அப்ப எவனும் ஆத்துல இறங்கக்கூடாது, ஒத்துக்கறேன்.

உடனே "விபத்து நடந்தா யாரு பொறுப்பு?"ம்பாங்க. 2009 செப்டம்பர் 30-ல தேக்கடியில படகு கவிழ்ந்து 45 பேர் செத்தாங்க. அரசு நிறுவனம் ஓட்டின படகுங்க அது. 2023 மே மாசம் தானூர்ல 22 பேர், அதுல குழந்தைங்க நிறைய. அங்க மீன்பிடி படகைச் சுற்றுலாப் படகா மாத்தி, அளவுக்கு மீறி ஆளை ஏத்தியிருந்தாங்க. இதுலேர்ந்து நாம படிச்ச பாடம் என்ன? தலைக்கு ஒரு லைஃப் ஜாக்கெட், ஆளை எண்ணி ஏத்தறது, படகைச் சோதிக்கிறதுன்னு இருந்திருக்கணும். நாம செய்றது 'குளிக்கத் தடை'ன்னு போர்டு நடறது. ஆத்துல விரட்டின பய வீட்டுக்கா போறான்? கல்குவாரிக் குழிக்கும் கிணத்துக்கும் போறான். அங்க சுவர் செங்குத்து, பிடிச்சு ஏற இடமில்ல, கூப்பிட்டா கேக்க ஆளில்ல. லைஃப் ஜாக்கெட் போட்டு, பார்த்துக்க நாலு பேர் வெச்சு, ஒரு இடத்துல நீச்சலும் படகும் சொல்லிக் குடுத்தா எத்தனை வீட்டுல சாவு விழாம இருக்கும்?

அதுவரைக்கும் புதுசா வந்தவங்க பூலாம்பட்டிக்கே போங்க, கூட்டம் இல்லாத வார நாள் காலையில. லைஃப் ஜாக்கெட் இருந்தா கையோட எடுத்துட்டுப் போங்க. படகுல கொடுத்தாலும் உங்க அளவுக்குச் சரியா இருக்கணும்னு இல்ல.