ஐந்நூறு பிரதி நட்டமல்ல

புத்தகம் போடுவதும் ஒரு வியாபாரமா? நம்மவர்களிடம் இந்தக் கேள்வியைக் கேட்டால் பெரும்பாலும் சிரிப்புத்தான் பதிலாகக் கிடைக்கும். ஐந்நூறு பிரதி அச்சிட்டு, நூறு பிரதி விற்று, மிகுதியைக் கட்டிலுக்குக் கீழே அடுக்கி வைத்திருக்கும் எழுத்தாளர் ஒருவரையாவது ஒவ்வோர் ஊரிலும் காணலாம். ஆகவே, குறைந்த எண்ணிக்கையில் நூல் வெளியிடுவது நட்டத்துக்குரிய காரியம் என்ற முடிவுக்கு நாம் வந்துவிட்டோம். இந்த முடிவு சரியானதா என்பதைக் கணக்குப் பார்த்த பிறகே சொல்ல வேண்டும்.

முதலில் வெளிநாட்டு உதாரணம் ஒன்றைப் பார்ப்போம். 1963 ஆம் ஆண்டு எட் ருஷே என்ற அமெரிக்க ஓவியர், லொஸ் ஏஞ்சல்ஸுக்கும் ஒக்லஹோமா நகருக்கும் இடையிலான வீதியில் இருந்த இருபத்தாறு பெற்றோல் நிலையங்களைப் படம் பிடித்து ஒரு சிறிய நூலாக்கினார். அச்சிட்டது 400 பிரதிகள். விலை மூன்றரை டொலர். அமெரிக்க காங்கிரஸ் நூலகம் அதை ஏற்றுக்கொள்ளவில்லை. அவரோ மனம் தளராமல், நூலகம் நிராகரித்த செய்தியையே ஒரு கலைச் சஞ்சிகையில் விளம்பரமாகப் போட்டார். இன்று அந்த முதற் பதிப்பின் ஒரு பிரதி ஆயிரக்கணக்கான டொலருக்கு விலைபோகின்றது.

இத்தகைய நூல்களை 'ஓவியர் நூல்' என்கிறார்கள். ஓவியரைப் பற்றிய நூல் என்பது இதன் பொருளல்ல. ஓவியங்களைத் தொகுத்த அல்பமும் அல்ல. தாள், அச்சு, கட்டு, பக்க ஒழுங்கு எல்லாம் சேர்ந்து அந்த நூலே ஒரு கலைப் படைப்பாகின்றது. இவற்றைப் பெரிய பதிப்பகங்கள் தொடுவதில்லை. சிறு பதிப்பகங்களோ, அல்லது ஓவியர்களோதான் சொந்தப் பொறுப்பில் வெளியிடுகிறார்கள்.

இங்கே ஒரு வியாபாரி நியாயமான சந்தேகமொன்றைக் கிளப்பலாம். எண்ணிக்கையைக் குறைத்து விலையை ஏற்றுவது பதுக்கலைப் போன்றதல்லவா? வேண்டுமென்றே தட்டுப்பாட்டை உண்டாக்கிப் பணம் பண்ணும் வெளியீடுகள் உலகில் இருக்கத்தான் செய்கின்றன. ஆனால் ருஷேயின் வழி அதுவல்ல. முதற் பதிப்பின் பிரதிகளுக்கு இலக்கமிட்டதைத் தவறென்று அவரே பின்னர் சொன்னார். 1967 இல் 500 பிரதிகளும், 1969 இல் 3,000 பிரதிகளும் மீண்டும் அச்சிட்டார். கேள்விக்கு ஏற்ப அளவாக அச்சிட்டு, சாதாரண மனிதன் வாங்கக்கூடிய விலையில் விற்பதே அவரது நோக்கம். பதுக்கலுக்கும் அளவறிந்த கொள்முதலுக்கும் உள்ள வித்தியாசம் வியாபாரிகளுக்குத் தெரியாததல்ல.

இது அமெரிக்காவுக்கு மட்டும் பொருந்தும் கதை என்று யாரும் எண்ண வேண்டாம். எமது நாட்டிலும் இந்தத் துறையில் உலகத் தரமான வேலை நடந்திருக்கின்றது. ஷர்மினி பெரேரா நடத்திய 'ரேக்கிங் லீவ்ஸ்' என்ற இலாப நோக்கற்ற சிறு பதிப்பகம், முஹன்னத் காதர், தா. சனாதனன், சந்திரகுப்த தேனுவர, ஜகத் வீரசிங்க ஆகிய நான்கு ஓவியர்களை ஒன்றிணைத்தது. ஒருவர் வரைந்த சித்திரத்தைத் தபாலில் மற்றவருக்கு அனுப்புவார். அதைப் பார்த்து அவர் ஒன்றை வரைந்து அடுத்தவருக்கு அனுப்புவார். ஒரு வருடத் திட்டமாகத் தொடங்கியது 2005 மே மாதம் முதல் 2007 ஒக்டோபர் வரை நீண்டது. ஏ-9 பாதை மூடப்பட்டு, நாடு மீண்டும் யுத்தத்துக்குள் சென்றுகொண்டிருந்த காலம் அது. சேர்ந்த 208 சித்திரங்களும் 2008 இல் நூலாயின.

அதே பதிப்பகம் 2011 இல் சனாதனனின் இன்னொரு நூலை வெளியிட்டது. அதன் பெயரைத் தமிழில் 'பூரணமாகாத தோம்பு' எனலாம். தோம்பு என்பது போர்த்துக்கேயர், ஒல்லாந்தர் காலத்துக் காணிப் பதிவேடு. காணி உறுதி பார்த்துப் பழகியவர்களுக்கு இந்தச் சொல் புதிதல்ல. யுத்தத்தால் இடம்பெயர்ந்த தமிழ் பேசும் மக்கள் எண்பது பேர், இழந்த வீடுகளின் நிலப்படத்தை நினைவிலிருந்து தம் கையால் வரைந்து கொடுத்தார்கள். கிணறு எங்கே, குசினி எங்கே, எந்த அறைக்கு எத்தனை வாசல் என்று மனதில் இருந்ததெல்லாம் கடதாசிக்கு வந்தது. அந்தக் கைப்படத்தோடு கட்டடக் கலைஞர் வரைந்த முறையான வரைபடமும், ஓவியரின் சித்திரமும் சேர்க்கப்பட்டன. நூலோ கந்தோர்க் கோவையொன்றின் தோற்றத்தில் அமைந்தது.

1990 ஒக்டோபரில் உறுதியையும் திறப்பையும் வைத்துக்கொண்டு வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட குடும்பங்களுக்கு இந்நூலின் பெறுமதியை விளக்கத் தேவையில்லை. இடிந்த வீட்டின் கிணற்றடியை எந்தக் கச்சேரியும் பதிவு செய்து வைப்பதில்லை. பாடப் புத்தகம் விற்கும் கம்பனிக்கும் இதில் இலாபமில்லை. இதைச் செய்ய ஒரு சிறு பதிப்பகம்தான் முன்வர வேண்டியிருந்தது. அத்தகையவர்கள் நட்டப்பட்டு ஒதுங்கிவிட்டால், ஒரு சமூகத்தின் நினைவுகள் எழுதப்படாமலே மறைந்துவிடும்.

சரி, நட்டம் எங்கே ஏற்படுகின்றது? ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்ப்போம். 500 பிரதிக்கு மூன்று இலட்சம் ரூபா செலவு என்று வைத்துக்கொள்வோம். ஒரு பிரதியின் அடக்க விலை 600 ரூபா. விற்பனை விலை 1,000 ரூபா. கடைக்கு முப்பத்தைந்து வீதம் கழிவு கொடுத்தால் கையில் வருவது 650 ரூபா. வெளியீட்டு விழாவில் 150 பிரதிகள் அன்பளிப்பாகப் போய், மீதி 350 பிரதிகளும் கடையில் விற்றால்கூட வரவு 2,27,500 ரூபாதான். நட்டம் 72,500. அந்த 150 பேரும் விழாவிலேயே முழு விலை கொடுத்து வாங்கியிருந்தால் மொத்த வரவு 3,77,500. இலாபம் 77,500. நூல் அதேதான், அச்சகமும் அதேதான். இலவசமாக வாங்கிய கைகள்தான் வித்தியாசம்.

ஆக, நட்டம் ஐந்நூறு என்ற எண்ணிக்கையில் இல்லை. எழுத்தாளர் நண்பர் என்பதற்காகப் புத்தகத்தை ஓசியில் எதிர்பார்க்கும் நம் பழக்கத்தில்தான் இருக்கின்றது. கடை வைத்திருக்கும் நண்பனிடம் ஒரு கிலோ சீனியை நாம் சும்மா கேட்பதுண்டா?

முதற் பிரதி பெறும் வழக்கத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். தனவந்தர் ஒருவர் மேடையேறி, கவரைக் கொடுத்து முதற் பிரதியைப் பெறுவது நல்ல காரியமே. அதனால் பல நூல்கள் அச்சகக் கடனிலிருந்து தப்பியிருக்கின்றன. ஆயினும் ஐம்பதாயிரம் ரூபா கொடுத்து ஒரு பிரதியை வாங்குவதை விட, அதே ஐம்பதாயிரத்துக்கு ஐம்பது பிரதிகளை வாங்கி ஐம்பது பாடசாலை நூலகங்களுக்குக் கொடுத்தால் நூலும் வாழும், வாசகனும் உருவாவான். எழுத்தாளரும் கொடைக்குக் காத்திருப்பவராக அல்லாமல், பண்டத்தை விற்றவராகத் தலைநிமிர்ந்து நிற்பார்.

பதிப்பிப்பவர்களுக்கும் கடமையுண்டு. எத்தனை பிரதி என்பதை நூலிலேயே அச்சிட வேண்டும். விற்ற கணக்கை எழுத்தாளருக்கும் ஓவியருக்கும் காட்ட வேண்டும். தாளிலும் கட்டிலும் கஞ்சத்தனம் காட்டாமல், வாங்குபவர் பத்திரப்படுத்தி வைக்க விரும்பும் பொருளாகச் செய்ய வேண்டும். விற்பதற்கு வெட்கப்படவும் கூடாது. 1966 இல் யாழ்ப்பாணத்தில் 'மல்லிகை'யைத் தொடங்கிய டொமினிக் ஜீவா, அதைக் கையில் எடுத்துக்கொண்டு நடந்தே விற்றார். கண்டிக்கு அண்மையில் ஒரு கிராமத்தின் பெயரைத் தாங்கிய கல்ஹின்னை தமிழ் மன்றம், எஸ்.எம். ஹனிபாவின் உழைப்பால் பல நூல்களை வெளிக்கொணர்ந்தது. இவர்களிடம் பெரிய மூலதனம் இருக்கவில்லை. சரக்கின் மீது நம்பிக்கை இருந்தது.

அடுத்த முறை நூல் வெளியீட்டு அழைப்பிதழ் ஒன்று கிடைத்தால், போகும்போது புத்தகத்தின் விலையைப் பையில் எடுத்துச் செல்லுங்கள். போக முடியாவிட்டால் ஆளனுப்பியாவது ஒரு பிரதியை வாங்குங்கள். அது தர்மம் அல்ல, கொள்முதல்.