வேண்டாம் என்று சொல்லவும் ஃபீஸ் உண்டு

தென்காசிப் பக்கத்து மூதாட்டிகளின் காதுகளில் ஒரு வரலாறு இருக்கிறது. பாம்படம் போடுவதற்காக வடித்த காது ஒரு தலைமுறைக்கு அழகு. கம்மல் காலம் வந்ததும் தொங்கிய அந்தக் காதையே அறுத்துத் தைத்துக்கொண்டார்கள் பலர். அழகுக்காகச் செய்ததை அழகுக்காகவே திருத்திக்கொள்வது, ரிவிஷன் சர்ஜரி என்ற பெயர் வருமுன்பே இந்த வட்டாரத்துக்குப் பழக்கமான சங்கதி. அதன் இன்றைய வாரிசு, பஜார் தெருக்களில் தொங்கும் 'தையல் இல்லாமல் காது ஓட்டை அடைக்கப்படும்' என்ற போர்டு. ஓட்டையின் விளிம்பில் அமிலத்தைத் தொட்டு வைத்துப் புண்ணாக்கி, ஆறும்போது இரு விளிம்பும் ஒட்டிக்கொள்ளச் செய்வார்கள். தேர்ந்த கையில் பலிக்கும். கை தவறினால் மடல் சுருங்கும். வடு உருண்டு திரண்டு கீலாய்டு ஆகும். காது மடல் அதற்குப் பேர்போன இடம். இப்படிக் கெட்டுப்போன காதோடு வருகிறவரிடம், பார்ப்பதற்கு மட்டும் ஒரு பிளாஸ்டிக் சர்ஜன் ஆயிரம் ரூபாய் வாங்குகிறார் என்று பேச்சுக்கு வைத்துக்கொள்வோம். 'ஆபரேஷனும் பண்ணல, ஆறு மாசம் கழிச்சு வரச் சொன்னதுக்கா ஆயிரம்?' என்று கோபம் வரத்தான் செய்யும். ஆறு மாதம் பொறுங்கள் என்ற அந்தச் சொல்லுக்குத்தான் ஆயிரம் என்பது என் கட்சி.

முதல்முறை வருகிறவரிடம் சர்ஜன் பார்க்க வேண்டியது அவர் உடலை. மறுமுறைக்கு வருகிறவரிடம் இன்னொருவரின் கைவேலையையும் சேர்த்துப் படிக்க வேண்டும். மூக்கைத் திரும்பத் திருத்த வருகிறவருக்கு, நடுச்சுவரின் குருத்தெலும்பை முதல் டாக்டர் ஏற்கெனவே எடுத்துவிட்டாரா? எடுத்திருந்தால் காதிலிருந்தோ விலாவிலிருந்தோ எடுத்தாக வேண்டும், சிகிச்சையே வேறாகிவிடும். முடி நடவில் திருப்தியில்லாதவரின் பின்னந்தலையில் இன்னும் எவ்வளவு வேர் மிச்சம்? எடுத்த வேர் அங்கே மறுபடி முளைக்காது. அது ஊற்று அல்ல, தொட்டித் தண்ணீர். கன்னத்தில் ஊசி வழியே ஏற்றியது எந்த ஃபில்லர்? இதற்கெல்லாம் பழைய ஆபரேஷன் குறிப்பு வேண்டும். நோயாளி கேட்டால் ஆவணங்களை 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்கின்றன 2002-ம் ஆண்டின் மருத்துவ நெறிமுறை விதிகள். ஆனால், வருகிறவர் மஞ்சப்பையிலிருந்து எடுத்து மேஜையில் வைப்பது ஒரு பில், பாதி தீர்ந்த மாத்திரை அட்டை, செல்போனில் நாலு படம். அதைக் கொண்டு நடந்ததை ஊகித்து, தொட்டுப் பார்த்து, படமெடுத்துப் பதிந்து, இத்தனைக்கும் பிறகு சொல்ல வேண்டியது பல நேரம் 'இப்போது வேண்டாம்' என்பதாகவே இருக்கும். மூக்கின் வீக்கம் முழுக்க வடிய ஓராண்டு ஆகலாம். கீலாய்டை வெறுமனே வெட்டினால் முன்னைவிடப் பெரிதாகத் திரும்பக்கூடும். ஊசி மருந்து, அழுத்தம் தரும் கிளிப் என்று மாதக்கணக்கில் கூடவே நடக்க வேண்டும். ஆக, ரிவிஷனைப் பொறுத்தவரை கன்சல்டேஷன் என்பது சிகிச்சைக்கு முன்னால் வரும் சடங்கு இல்லை. சிகிச்சையின் பெரும்பாதியே அதுதான்.

இந்த வேலைக்குக் காசு வேண்டாம் என்று ஒரு கிளினிக் சொன்னால் அங்கேதான் சந்தேகப்பட வேண்டும். ஏசி அறையின் வாடகை, விளம்பரச் செலவு, முன்னறையில் இனிக்க இனிக்கப் பேசும் கவுன்சலரின் சம்பளம் எல்லாவற்றையும் கடைசியில் ஆபரேஷன் செய்துகொள்கிறவர்தான் சுமக்கிறார். திருப்பி அனுப்பப்படும் ஒவ்வொருவரும் அந்தக் கிளினிக்குக்கு நஷ்டக் கணக்கு. 'ஃபீஸை ஆபரேஷன் சார்ஜில் கழித்துக்கொள்வோம்' என்பதும் அதே சரிவுதான், சற்று நாகரிகமாக: கட்டிய ஆயிரம் வீணாகக் கூடாதே என்று நோயாளியே தன்னை மேஜைக்குத் தள்ளிக்கொள்வார். குற்றாலத்தில் பேரருவிக்குத் தண்ணீர் வரத்து கூடியதும் போலீஸார் குளிக்கத் தடை போடுகிறார்கள். மதுரையிலிருந்து வேன் பிடித்து வந்த குடும்பம் முணுமுணுத்துக்கொண்டே நிற்கும். ஆனாலும் அந்தத் தடையை நம்பும். எத்தனை பேர் குளித்தார்கள் என்பதைப் பொறுத்துப் போலீஸாருக்குச் சம்பளம் இல்லை என்பது எல்லாருக்கும் தெரியும். அந்த முடிவை அருவிக்கரையில் எண்ணெய் விற்பவர் கையில் கொடுத்தால் தடை எப்போது வரும்?

இது வெறும் ஊகக் கணக்கல்ல. 2016-ல் சென்னையில் முடி நடவு செய்துகொண்ட மருத்துவ மாணவர் ஒருவர் இறந்தார், படித்துக்கொண்டிருந்தது இறுதியாண்டு. மருத்துவம் அறிந்தவராலேயே எது பாதுகாப்பான இடம் என்று பிரித்தறிய முடியவில்லை என்றால், கடையநல்லூரிலிருந்தும் ஆலங்குளத்திலிருந்தும் விளம்பரத்தைப் பார்த்துக் கிளம்புகிறவர் என்ன செய்வார்? முடி நடவை யார் செய்யலாம் என்று தேசிய மருத்துவ ஆணையம் வழிகாட்டு நெறி வெளியிட்டதே 2022-ல்தான். வெளிநாடுகளில் இந்தச் சிக்கலை ஃபீஸின் பக்கமிருந்து பிடித்திருக்கிறார்கள். பிரிட்டனில் மார்பகச் சிலிக்கான் ஊழலுக்குப் பின் 2013-ல் வந்த கியோ அறிக்கை, குறிப்பிட்ட நாளுக்குள் கட்டினால் தள்ளுபடி என்பது போன்ற தூண்டில்களைத் தடுக்கச் சொன்னது. ஆஸ்திரேலியாவில் 2023 ஜூலை முதல், அழகு அறுவைக்கு முன் குறைந்தது இரண்டு கன்சல்டேஷன் கட்டாயம். ஒப்புதல் தந்த பிறகும் 7 நாள் பொறுத்துத்தான் தேதியும் முன்பணமும். டாக்டரின் யோசிக்கும் நேரத்தைத் தனிச் சரக்காக ஏற்றுக்கொண்டதால்தான் அவர்களால் இப்படி விதி எழுத முடிந்தது.

பீடி சுற்றும் பெண் அந்த ஆயிரத்துக்கு எங்கே போவாள் என்ற கேள்வி நியாயமானது. ஃபீஸோடு பஸ் செலவும் ஒருநாள் கூலியும் சேர்கின்றன. நெல்லை, மதுரை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் காசில்லாமல் பார்ப்பார்கள் என்பது உண்மைதான். ஆனால் தீக்காயமும் விபத்தும் வரிசையில் நிற்கும் இடத்தில் காது மடல் பின்னுக்குத்தான் போகும், போகவும் வேண்டும். தனியாரிடம் போனால் எல்லாமே சொந்தப் பணம். விபத்து, தீக்காயம், புற்றுநோய்க்குப் பிந்தைய சீரமைப்பு போன்றவை தவிர, அழகு அறுவைக்கு மருத்துவக் காப்பீடு கை விரித்துவிடும். ஜிஎஸ்டியிலும் அப்படியே: பிறவிக் குறை, வளர்ச்சிக் குறை, காயம் ஆகியவற்றைச் சரிசெய்யும் அறுவைக்கு விலக்கு, மற்ற அழகு அறுவைக்கு வரி. முந்தைய அழகு அறுவை விட்டுப்போன கோணல் மூக்கு 'காயம்' ஆகுமா ஆகாதா என்று அந்த வரிவிலக்கு அறிவிப்பில் ஒரு வரியும் இல்லை. ஏழைக்கு ஃபீஸ் பாரம்தான். ஆனால், இலவசம் என்று நம்பிப் போய் இன்னொரு தவறான ஆபரேஷனுக்கு நகையை அடகு வைப்பதைவிட அது சிறிய பாரம். பஸ் செலவை மிச்சப்படுத்த வழியும் இருக்கிறது. 2020-ன் தொலைமருத்துவ நெறிகள் வீடியோ மூலம் ஆலோசனை தரவும் அதற்குக் கட்டணம் வாங்கவும் அனுமதிக்கின்றன. வடுவைத் தொட்டுப் பார்க்க ஒருமுறை நேரில் போக வேண்டியிருக்கும். 'இன்னும் ஆறவில்லை, பொறுங்கள்' என்பதைப் போனிலேயே சொல்லிவிடலாம்.

கெடுத்தவர்தானே சரிசெய்து தர வேண்டும் என்பது அடுத்த வாதம். முதல் டாக்டர் தன் வேலையை மறுபடி பார்ப்பதற்கு ஃபீஸ் கேட்டால் எனக்கும் அது உறுத்தும். ஆனால் 'சரியாகாவிட்டால் பணமில்லை' என்று ஒப்பந்தம் போடுவதை 2002 விதிகள் நெறிகேடு என்கின்றன. உடல் எப்படி ஆறும் என்று யாராலும் உத்தரவாதம் தர முடியாது என்பதால் அது சரியும்கூட. உண்மையிலேயே அலட்சியம் நடந்திருந்தால் நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. காசு வாங்கிச் செய்யும் மருத்துவம் நுகர்வோர் சட்டத்துக்குள் வரும் என்று உச்ச நீதிமன்றம் 1995-லேயே சொல்லிவிட்டது. இரண்டு ஆண்டுக்குள் போக வேண்டும். 5 லட்சம் ரூபாய் வரையிலான வழக்குக்கு ஆணையத்தில் கட்டணம் கிடையாது. அங்கே நோயாளிக்குக் கைகொடுக்கக்கூடியது இரண்டாவது டாக்டர் எழுதித் தரும் தாள். அதுதான் கிடைப்பதில்லை. சக டாக்டரைக் காட்டிக்கொடுத்ததாக ஆகிவிடுமோ என்ற தயக்கத்தில் பலர் வாயால் சொல்வதோடு நிறுத்திக்கொள்கிறார்கள். யார் குற்றவாளி என்று அவர் எழுத வேண்டியதில்லை. இன்ன தேதியில் பார்த்தபோது மடல் இவ்வளவு குறைந்திருக்கிறது, வடு இன்ன வகை, இப்போது அறுவை கூடாது, காரணம் இது என்று கண்டதை எழுதினால் போதும். தனி ஃபீஸ் வாங்குகிறவருக்கு அந்தத் தாளைத் தராமலிருக்க என்ன நியாயம்? வாய்ச்சொல்லுக்கு மட்டும் ஆயிரம் என்றால் நான் கட்சி மாறத் தயார்.

டாக்டர்கள் பக்கம் என் வழக்கு பலவீனமாவது இன்னொரு இடத்தில். குற்றாலத்தில் ஆனி, ஆடியில் லாட்ஜ் வாடகை ஆளைப் பார்த்து ஏறும், நாளைக்கொரு விலை. அதைச் சகித்துக்கொள்கிறோம். ஃபீஸையும் அப்படியே நடத்தினால் மேலே சொன்ன நியாயம் எதுவும் நிற்காது. சிகிச்சை தொடங்கும் முன்பே கட்டணத்தைச் சொல்லிவிட வேண்டும், அறையில் பலகையில் எழுதி வைக்க வேண்டும் என்று 2002 விதிகள் தெளிவாகவே சொல்கின்றன. 2023 ஆகஸ்டில் புதிய விதிகள் வந்தன. அதே மாதம் நிறுத்தி வைக்கப்பட்டன. பழையவையே இன்றும் நடப்பில். நடைமுறையில், டோக்கன் போடும் பெண் நீள நோட்டில் பெயரை எழுதிவிட்டு, முறை வரும் நேரத்தில் தொகையைச் சொல்வாள். நூறு கிலோமீட்டர் வந்தவர் அப்போது எழுந்து போகவா முடியும்? மாவட்டத்துக்கொரு மருத்துவப் பணிகள் இணை இயக்குநர் இருக்கிறார். தமிழ்நாட்டு மருத்துவ நிறுவனங்கள் சட்டம் வந்தது 1997-ல், அதன் விதிகள் 2018-ல். தென்காசி தனி மாவட்டமாகி ஆண்டுகள் ஆகிவிட்டன. டோக்கன் மேஜைக்குப் பின்னால் இப்படி ஒரு பலகை இருக்கிறதா என்று பார்க்கப் புதிய சட்டம் எதுவும் வேண்டாம்: முதல்முறை பார்க்க இவ்வளவு, வேறிடத்தில் செய்த அறுவையைப் பார்க்க இவ்வளவு, அரை மணி நேரம், எழுத்தில் அபிப்பிராயம் உண்டு, ஆபரேஷனில் கழிக்கப்படாது.