ஜனாதிபதி சரி, பிரதமர் யாரு?

2024 ஆகஸ்ட் மாசம் நம்ம வாட்ஸ்அப் குரூப்பில பெரிய சண்டை. கமலா ஹாரிஸ் உப ஜனாதிபதி வேட்பாளரா டிம் வால்ஸைத் தெரிவு செஞ்சது சரியா, பிழையா என்று. பசறையிலும் ஹாலிஎலயிலும் இருந்துகொண்டு ராத்திரி பன்னிரண்டு மணி வரைக்கும் பேசினோம். 2024 செப்டம்பர் 21ஆம் திகதி நாம வாக்குப் போடவிருந்த தேர்தலில் அதே கேள்வியை ஒருத்தரும் கேட்கவில்லை.

"நம்ம நாட்டில உப ஜனாதிபதியே இல்லையே" என்பீர்கள். உண்மைதான், வாக்குச்சீட்டில் ஒரு பெயர்தான். ஆனால் அந்தப் பதவி நடுவில் காலியானால் பதில் ஜனாதிபதி ஆகிறவர் பிரதமர். மிச்சக் காலத்துக்கு ஆளைத் தெரிவு செய்வது பாராளுமன்றம். 1993 மே 1ஆம் திகதி பிரேமதாச கொல்லப்பட்டதும் டி.பி. விஜேதுங்க வந்தது அப்படித்தான்.

2022 நமக்கே தெரியும். மே மாதம் கோட்டாபய ரணிலைப் பிரதமராக்கினார். ஜூலையில் கோட்டாபய நாட்டை விட்டே போனார். 134 எம்.பி.மார் வாக்களிக்க, ரணில் ஜனாதிபதி. 2020 பொதுத் தேர்தலில் அவர் கட்சி ஒரு மாவட்டத்திலும் வெல்லவில்லை. கிடைத்தது ஒரே ஒரு தேசியப்பட்டியல் ஆசனம். நாம் போடாத வாக்கில் வந்த ஜனாதிபதி அவர்.

2024 தேர்தலுக்கு முன் என் ஊகம் இது. ரணில் வென்றால் தினேஷ் குணவர்தனவே தொடரலாம். சஜித் பக்கம் ஒரு பெயரை அடிச்சுச் சொல்ல முடியவில்லை. ஒரு பெயரைச் சொன்னால் மற்றவர்கள் முறுக்கிக்கொள்வார்களோ என்னவோ. அநுர வென்றால் கணக்கு சுலபம்: பிரதமர் எம்.பி.யாக இருக்க வேண்டும். அவர் அணிக்கு அப்போது இருந்ததோ மூன்றே ஆசனம். விஜித ஹேரத், இல்லாவிட்டால் ஹரிணி அமரசூரிய. நான் ஹரிணி என்றேன். நடந்தால் சிறிமாவோ, சந்திரிகாவுக்குப் பிறகு மூன்றாவது பெண் பிரதமர்.

தோட்டத்தில் நாம கேட்கிறதெல்லாம் "தொண்டமான் எந்தப் பக்கம், மனோ எந்தப் பக்கம்" என்பதுதான். 2024 தேர்தலில் இ.தொ.கா. ரணிலோடு, தமிழ் முற்போக்குக் கூட்டணி சஜித்தோடு நின்றன. மேடையில் பக்கத்தில் நிற்கிறவர்தான் துணை என்று நினைச்சுக்கிறோம். 2024 மே தினத்தன்று கொட்டகலை மேடையில் 1,700 ரூபாய் சம்பளம் என்றார்கள். தோட்டக் கம்பனிகள் கோர்ட்டுக்குப் போய்விட்டன. மேடை வேற, அதிகாரம் வேற. அமைச்சர்களை நியமிப்பது பிரதமரின் ஆலோசனையோடு. அப்படியென்றால் நம்ம சம்பளம், காணி, வீடு எல்லாம் யார் கையில் போகும் என்பதிலும் அவருக்குப் பங்கு இருக்கு.

பெயரைச் சொன்னால் எல்லாம் சரியாகிவிடாது. ரணில்தான் பிரதமர் என்று முன்கூட்டியே சொல்லி 2015இல் வென்ற மைத்திரி, 2018 ஒக்டோபரில் அவரையே தூக்கினார். இருந்தாலும் சொன்ன பெயருக்குக் கணக்குக் கேட்கலாம். சொல்லாத பெயருக்கு என்னத்தைக் கேட்பது?

மீரியபெத்தையில் மண் சரிந்தது 2014 ஒக்டோபரில். அதிலிருந்து 2024 ஆகஸ்ட் வரைக்குமே நாலு ஜனாதிபதியைப் பார்த்துட்டோம். சரிவுகளில் லயங்கள் இன்னும் இருக்கு. நேத்து மலையில இருந்து வந்த அம்மா கொழுந்துக் கூடையை இறக்கி வச்சுட்டுக் கேட்டாங்க: "இவரு பாதியில போனா அடுத்தது யாருடா?"

பண்டாரவளைக்கும் பசறைக்கும் வாக்குக் கேட்டு வருவாங்க. அப்போ இதைக் கேளுங்க.