திருச்சபையில் நம் இடம் எது?



திருச்சபை என்றதும் நம் மனக்கண் முன் தோன்றுவது யாது? உயர்ந்த கோபுரம், பீடம், திருவுடை அணிந்த குரு. அங்கே நாம் எங்கிருக்கிறோம்? திருப்பலி கண்டு வீடு திரும்பும் விருந்தாளிகளாகவே நம்மை எண்ணிக்கொள்கிறோம். இவ்வெண்ணம் தவறு.

1962 முதல் 1965 வரை நடைபெற்ற இரண்டாம் வத்திக்கான் சங்கம் திருச்சபையை இறைமக்கள் என்று அழைத்தது. திருமுழுக்குப் பெற்ற அனைவருக்கும் அதில் பங்கும் பணியும் உண்டு என்றது. புனித பவுல் கொரிந்தியருக்கு எழுதிய முதல் மடலில் உடலையும் உறுப்புகளையும் காட்டி இதையே விளக்குகிறார். காலில் முள் தைத்தால் கண் கலங்குவதில்லையா?

சென்ற ஆண்டு ஒரு ஞாயிறன்று எங்கள் பங்கில் முதல் வாசகம் வாசிக்க வேண்டியவர் வரவில்லை. பங்குத்தந்தை எங்கள் வரிசையைப் பார்த்தார். மேடைப் பேச்சில் பரிசு வாங்கிய நாங்கள் தலையைக் குனிந்துகொண்டோம். இட்லி விற்கும் ஓர் அம்மா எழுந்து சென்று எழுத்துக்கூட்டி வாசித்தார். நாங்கள் வாயைப் பொத்திச் சிரித்தோம். வெளியே வந்ததும் ஒரு பாட்டி, "ஏம்மா, சிஸ்டர்மார் பள்ளிக்கூடத்துல படிக்கிறது இதுக்குத்தானா?" என்றார். பதில் சொல்ல எங்களுக்கு நா எழவில்லை.

'பெண்களுக்குக் கோவிலில் என்ன இடம்?' என்று நாம் கேட்பதுண்டு. கேள்வி நியாயமானதே. கோவிலைப் பெருக்கவும் பூ வைக்கவும் பெண்கள், பீடத்தில் உதவ ஆண்பிள்ளைகள் என்பதே பல பங்குகளில் வழக்கம். ஆனால் ஆயர் இசைந்தால் சிறுமியரும் பீடப்பணி செய்யலாம் என்று 1994-இலேயே உரோமை அறிவித்துவிட்டது. வாசகர், பீடத்துணைவர் பணிப்பொறுப்புகளைத் திருத்தந்தை பிரான்சிஸ் 2021-இல் பெண்களுக்கும் வழங்கினார். கிடைக்காத இடத்தைப் பணிவோடு கேட்போம். ஆனால் கிடைத்த இடத்தில் தலை குனிந்துவிட்டுக் குறை கூறுவது முறையாகுமா?

அரசுத் தேர்வு இருக்கிறதே என்பது நம் அடுத்த சாக்கு. உறுதிப்பூசுதல் பெற்றதோடு மறைக்கல்விக்கும் விடை கொடுத்துவிடுகிறோம். தேர்வு முக்கியமே. ஆயினும் வாரத்தில் ஒரு மணி நேரத்தால் மதிப்பெண் குறைந்துவிடாது.

2022-இல் புனிதராக உயர்த்தப்பட்ட தேவசகாயம் குருவும் அல்லர், துறவியும் அல்லர். திருவிதாங்கூர் அரசில் பணிபுரிந்த குடும்பத் தலைவர். 1745-இல் வடக்கன்குளத்தில் திருமுழுக்குப் பெற்றார். விசுவாசத்தை விட மறுத்து 1752-இல் உயிர் துறந்தார். பொதுநிலையினரின் பணி சிறியதன்று என்பதற்கு வேறு சான்று வேண்டுமா?

நம்மிடம் யாரும் உயிரைக் கேட்கவில்லை. சிறு பிள்ளைகளுக்குச் செபம் சொல்லித் தரலாம். அன்பியக் கூட்டத்தில் விவிலியம் வாசிக்கலாம். படுக்கையில் கிடக்கும் முதியவரிடம் சிறிது நேரம் அமர்ந்து பேசலாம்.

அந்த அம்மாவிடம் நாங்கள் மன்னிப்புக் கேட்டோம். "அதனாலென்ன கண்ணு, எனக்குக் கொஞ்சம் வாசிக்கச் சொல்லிக் கொடுங்க" என்றார். இப்போது சனிக்கிழமை மாலையில் அவரோடு அமர்ந்து மறுநாள் வாசகத்தை வாசித்துப் பழகுகிறோம். சொற்களை நாங்கள் சொல்லித் தருகிறோம். துணிவை அவரிடம் கற்றுக்கொள்கிறோம்.

தோழியரே, அடுத்த முறை நம் வரிசையை நோக்கி ஓர் அழைப்பு வரும்போது எழுந்து நிற்போம்!