இறக்கி ஏற்றிய எஞ்சின்

என் தங்கையின் கணவருக்கு அவருடைய தந்தை விட்டுச் சென்றவற்றுள் 1986ஆம் ஆண்டின் அம்பாஸடர் கார் ஒன்றும் உண்டு. ஒன்பது பேர் வாழும் வீடு அது. நிக்காஹ், மய்யித்து, மருத்துவமனை என்று எங்கு செல்வதாயினும் அந்த ஒரு வண்டிதான். சென்ற ஆண்டு அதன் எஞ்சின் தண்ணீரைப் போல ஆயிலைக் குடிக்கத் தொடங்கிற்று. இரண்டாம் கியரோ போட்ட இடத்தில் நில்லாமல் துள்ளி வெளியே வந்தது. பணிமனையில் இரண்டையும் மாற்றித்தர 85,000 ரூபாய் கேட்டார்கள். மூத்த பெண்ணின் கல்லூரிக் கட்டணம் அதே மாதத்தில் நின்றது. ஆகவே வீட்டு முற்றத்திலேயே இந்த வேலையைச் செய்வதென்று முடிவாயிற்று. டிப்ளமா படித்துவிட்டு ஒரு பணிமனையில் ஈராண்டு பழகிய என் மருமகன்தான் தலைமை மெக்கானிக்.

முதல் கருத்து வேறுபாடு எந்த எஞ்சின் என்பதில் எழுந்தது. 1990களில் அம்பாஸடரில் வந்த 1817 சி.சி. இசுஸு எஞ்சினையும் ஐந்து கியர் பெட்டியையும் வைத்துவிடலாம் என்று மச்சான் ஆசைப்பட்டார். நல்ல எஞ்சின்தான், மறுப்பதற்கில்லை. ஆனால் எங்கள் வண்டி ஸ்டீயரிங்கின் அருகே கை கியர் கொண்டது. இசுஸுவின் கியர் கம்பி தரையில் நிற்பது. அதற்குத் தரைத் தகட்டை அறுக்க வேண்டும். எஞ்சின் தாங்கிகளைப் புதிதாகப் பற்றவைக்க வேண்டும். புரொப்பல்லர் ஷாஃப்ட்டின் நீளத்தையும் சரிசெய்ய வேண்டும். மலிவாகக் கிடைத்த எஞ்சினைப் பொருத்துவதற்கே அதன் விலைக்கு மேல் செலவாகிவிடும்.

அதைவிடப் பெரிய தடை ஆர்.சி. புத்தகத்தில் இருந்தது. எஞ்சின் எண்ணும் கொள்ளளவும் அதில் பதிவாகியுள்ளன. 1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, தயாரிப்பாளர் குறித்த விவரங்களினின்று மாறும்படி வண்டியைத் திருத்துவதைத் தடுக்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை வலியுறுத்தியது. அதே வகை எஞ்சினை மாற்றுவதாயினும் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தின் அனுமதியை முன்னரே பெறவேண்டும். பதினைந்து ஆண்டு கடந்த வண்டிக்கு ஐந்தாண்டுக்கு ஒருமுறை பதிவைப் புதுப்பிக்கும்போது ஆய்வாளர் எண்களைத் தேய்த்துப் பார்ப்பார். அப்போது தலைகுனிந்து நிற்பானேன்? பழைய 1489 சி.சி. எஞ்சினையே தேடுவதென்று மச்சானை இணங்கவைத்தோம். இங்கிலாந்தின் பி.எம்.சி. நிறுவனத்தின் வடிவமைப்பு அது. எம்.ஜி.ஏ. என்னும் பந்தயக் கார் போன்ற வண்டியும் ஒரு காலத்தில் இதே குடும்பத்து எஞ்சினில்தான் ஓடியது என்று நான் சொன்னதும் மச்சானின் முகம் சற்றுத் தெளிந்தது.

சென்னைப் புதுப்பேட்டையில் கிடைக்காத உறுப்பு இல்லை என்பார்கள். ஆயினும் நாங்கள் பக்கத்து நகரில் பழைய வண்டிகளை உடைக்கும் வியாபாரி ஒருவரிடம் சென்றோம். அங்கே ஓர் அம்பாஸடர் இன்னும் பிரிக்கப்படாமல் நின்றது. கழற்றிப் போட்ட எஞ்சின் வாய் பேசாது. வண்டியில் இருக்கும் எஞ்சினை ஓடவிட்டுக் கேட்கலாம். ஆயில் மூடியின் உட்புறம் பால் நிறக் கசடு இருக்கிறதா என்று மருமகன் பார்த்தான். இருந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது என்று பொருள். பிறகு ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றி நான்கு சிலிண்டர்களின் அழுத்தத்தையும் அளந்தான். ஒன்றுக்கொன்று பத்துச் சதவீதத்திற்குள் இருந்தன. கியர்பாக்ஸ் ஆயிலை விரலில் தொட்டு இரும்புத் துகள் உண்டா என்றும் தடவிப் பார்த்தான். எஞ்சினையும் கியர்பாக்ஸையும் ஒரே வண்டியிலிருந்து ஜோடியாக 28,000 ரூபாய்க்கு வாங்கினோம். அந்த வண்டியின் ஆர்.சி. நகலையும் ரசீதையும் கேட்டு வாங்கியது என் பிடிவாதம். திருட்டுப் பொருளாயின் சட்டமும் விடாது, மறுமையிலும் கேள்வி உண்டு.

அனுமதி கிடைத்த பின்னர் ஒரு வெள்ளியன்று ஜும்ஆ முடிந்து வேலை தொடங்கிற்று. எஞ்சினும் கியர்பாக்ஸும் சேர்ந்தால் ஏறத்தாழ 200 கிலோ. கொட்டகையின் உத்திரத்தில் சங்கிலியைக் கட்டித் தூக்கிவிடலாம் என்றார் மச்சான். அவருடைய உம்மா வாசற்படியில் வந்து நின்றார்கள். “ஓடும் உத்திரமும் தலையில் விழுந்தால் எஞ்சினா வந்து கஞ்சி காய்ச்சி ஊற்றும்?” என்று கேட்டார்கள். அதற்கு மேல் பேச்சில்லை. முக்காலி இரும்புச் சட்டமும் செயின் பிளாக்கும் நாளுக்கு 600 ரூபாய் வாடகைக்கு வந்தன. வண்டியின் கீழே வேலை செய்யும்போது ஜாக்கியை நம்பாமல், செங்கல்லையும் நம்பாமல், கனத்த மரக்கட்டைகளைக் கொடுத்து நிறுத்தினோம்.

இலக்கியம் படித்தவனாகிய எனக்குக் கிடைத்த பணி, பெயர்ச் சீட்டு எழுதுவது. பாட்டரியின் எர்த் இணைப்பைக் கழற்றியது முதல், விடுபட்ட ஒவ்வொரு வயருக்கும் குழாய்க்கும் சீட்டுக் கட்டினேன். மதரஸாவில் பிள்ளைகளின் பெயரை மறந்தாலும் மறப்பேன். அந்த நாற்பத்தோரு சீட்டுகளை மறக்கமாட்டேன். பானெட், ரேடியேட்டர், புகைக்குழாய், கை கியர்க் கம்பிகள், ஸ்பீடாமீட்டர் கேபிள், புரொப்பல்லர் ஷாஃப்ட் எல்லாம் விடுபட்ட பின்னர், கியர்பாக்ஸின் வால் தாழ்ந்து எஞ்சினின் தலை நிமிர்ந்து இரண்டும் ஒன்றாக மேலெழுந்தன.

தவறு செய்தது இதன் பிறகுதான். கிளட்ச் பிளேட்டையும் பிரஷர் பிளேட்டையும் புதிதாக வாங்கினோம். ஆனால் கிளட்ச்சை அழுத்தித் தள்ளும் கார்பன் பேரிங்கைப் பார்த்து, “இன்னும் தேயவில்லையே” என்று பழையதையே வைத்தோம். மிச்சமான தொகை சில நூறு ரூபாய். அந்த வைத்துக்கொள்ளலுக்குத் தலையாட்டியவர்களில் நானும் ஒருவன். பழைய கியர்பாக்ஸ் ஷாஃப்ட் ஒன்றைச் செருகிக் கிளட்ச் பிளேட்டை நடுவில் நிறுத்தினோம். இணைக்கும்போது கியர்பாக்ஸின் பாரம் அந்த ஷாஃப்ட்டில் தொங்கவிடாமல் இருவர் தாங்கினார்கள். இவ்வளவு கவனமும் அந்த ஒரு கருமித்தனத்தால் வீணாயிற்று.

ஞாயிறு மாலை பிளக்குகள் இல்லாமலே எஞ்சினைச் சுழற்றி, ஆயில் அழுத்தம் ஏறிய பிறகு பிளக்கிட்டு உயிர் கொடுத்தபோது முற்றமெங்கும் மகிழ்ச்சி. மூன்று வாரத்தில் கிளட்ச்சை மிதித்தால் அரைக்கும் ஓசை. கியர் விழ மறுத்தது. கியர்பாக்ஸைப் பிரிக்காமல் அந்தப் பேரிங்கைத் தொட முடியாது. மறுபடியும் முக்காலி வாடகை, மறுபடியும் இரண்டு நாள், மறுபடியும் என் சீட்டுகள். மருமகன் ஒரு சொல்லும் குறை சொல்லாமல் வேலை பார்த்தது எங்களுக்கு அதிக வெட்கத்தைத் தந்தது.

ஆர்.சி. திருத்தம், ஆயில், தாங்கி ரப்பர்கள், இரண்டாம் முறைச் செலவு எல்லாம் சேர்ந்து 47,000 ரூபாய் ஆயிற்று. கட்டணமும் உரிய நாளில் செலுத்தப்பட்டது, அல்ஹம்துலில்லாஹ். வண்டி இப்போது நன்றாக ஓடுகிறது. பழைய எஞ்சின் மட்டும் கொட்டகை மூலையில் கோணிப்பையின் கீழ் கிடக்கிறது. “ஒரு நாளைக்கு உதவும்” என்கிறார் மச்சான். கோழிக்கூண்டு வைக்க அந்த இடம் வேண்டுமென்று தங்கை கேட்டுக்கொண்டிருக்கிறாள்.