கிரைண்டர் வாங்குவதும் தேசம் காப்பதும்

வீட்டுக்கு ஒரு கிரைண்டர் வாங்க வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். கடைக்காரர் என்னதான் புகழ்ந்து பேசட்டும், நீங்கள் உடனே பணத்தை எடுத்து நீட்டிவிட மாட்டீர்கள். வீட்டில் எத்தனை பேர், ஒரு தடவைக்கு எவ்வளவு அரிசி போட வேண்டியிருக்கும், சமையலறையில் அதை வைக்க இடம் இருக்கிறதா, கெட்டுப் போனால் ரிப்பேர் செய்யப் பக்கத்தில் ஆள் உண்டா, பழையதைக் கொண்டே இன்னும் இரண்டு வருஷம் ஓட்ட முடியாதா? இத்தனையும் யோசித்த பிறகுதான் விலையைக் கேட்பீர்கள்.

'இதற்கெல்லாம் பெரிய படிப்பா வேண்டும்?' என்று நீங்கள் சிரிக்கலாம். ஆனால், கோடி கோடியாகப் பணம் புரளும் அமெரிக்க சர்க்கார், தன் எல்லையையும் விமான நிலையங்களையும் காப்பதற்கு யந்திரங்கள் வாங்கியபோது இதே கேள்விகளைப் பல தடவை கேட்காமலே விட்டுவிட்டது. அந்தக் கதையைத்தான் இந்த வாரம் சொல்லப் போகிறேன்.

அமெரிக்காவைப் பற்றி நமக்கென்ன என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். உங்களில் எத்தனையோ பேர் பிள்ளையைப் பார்க்கவும், பெண்ணின் பிரசவத்துக்குத் துணையாக இருக்கவும் அங்கே போய் வந்திருக்கிறீர்கள். திரும்பும்போது விமான நிலையத்துக் கண்ணாடிக் கூண்டுக்குள் இரண்டு கைகளையும் தூக்கிக்கொண்டு நின்றிருப்பீர்கள். அந்தக் கூண்டு அங்கே எப்படி வந்து சேர்ந்தது என்று தெரிந்துகொள்வது நல்லதுதானே?

2001-ஆம் வருஷம் செப்டம்பர் 11-ஆம் தேதி, 19 பேர் நான்கு விமானங்களைக் கைப்பற்றி, ஏறக்குறைய 3,000 உயிர்களைப் பலிவாங்கிய கொடுமையை உலகமே அறியும். அதே வருஷம் நவம்பரில், பிரயாணிகளையும் சாமான்களையும் சோதிப்பதற்கென்று தனியாகப் போக்குவரத்துப் பாதுகாப்பு நிர்வாகம் ஒன்றை அமெரிக்கா ஏற்படுத்தியது. திருடன் வந்து போன வீட்டில் மறுநாள் காலையில் என்ன நடக்கும்? யார் எந்தப் பூட்டைச் சொன்னாலும் வாங்கிவிடத் தோன்றும். பயத்தில் இருக்கிற மனசு பேரம் பேசாது. யந்திரம் விற்பவர்களுக்கு அது நன்றாகத் தெரியும்.

முதலில் வந்தது காற்று ஊதும் யந்திரம். பிரயாணி அதற்குள் போய் நின்றால், 'புஸ் புஸ்' என்று காற்றை அவர் மேல் பீச்சும். உடம்பிலும் துணியிலும் வெடிமருந்துத் துகள் ஒட்டியிருந்தால் அது பறக்கும். யந்திரம் அதை இழுத்து முகர்ந்து பார்த்துச் சொல்லிவிடும். கேட்பதற்கு எவ்வளவு நன்றாக இருக்கிறது! ஆனால் விமான நிலையம் என்பது ஆராய்ச்சிச் சாலை அல்லவே. ஆயிரக்கணக்கான பேர் நடமாடும் இடம். தூசியும் உண்டு, ஈரக் காற்றும் உண்டு. அந்தத் தூசியும் ஈரமும் யந்திரத்துக்கு ஒத்துக்கொள்ளவில்லை, அடிக்கடி படுத்துக்கொண்டது. 207 யந்திரங்களை வாங்கி, 36 விமான நிலையங்களில் 101-ஐ வைத்தார்கள். 2006 ஜனவரியில் தொடங்கிய வேலையை ஜூன் மாதத்திலேயே நிறுத்த வேண்டியதாயிற்று. ஏறக்குறைய 3 கோடி டாலர் காற்றோடு போயிற்று. எங்கே வைக்கப் போகிறோமோ அங்கே வைத்துச் சரியாகச் சோதித்துத் தீர்ந்த பிறகு வாங்கியிருந்தால் இவ்வளவு நஷ்டம் ஏது?

அடுத்தது எல்லைக் கதை. அமெரிக்காவுக்கும் மெக்ஸிகோவுக்கும் இடையே இருக்கும் எல்லை ஏறக்குறைய 2,000 மைல் நீளம். அவ்வளவு தூரத்துக்கும் ஆள் போட்டுக் காவல் காப்பது கஷ்டம் என்று, கோபுரங்களின் மேல் காமிராவும் ராடாரும் வைத்து, உட்கார்ந்த இடத்திலிருந்தே எல்லையைப் பார்க்கும் திட்டம் ஒன்றை 2006 செப்டம்பரில் ஒரு பெரிய கம்பெனியிடம் ஒப்படைத்தார்கள். முதல் படியாக, அரிஸோனா மாகாணத்துப் பாலைவனத்தில் 28 மைலுக்கு ஒன்பது கோபுரங்கள் எழும்பின.

மழை பெய்தால் ராடார் மிரண்டுவிடும். காற்றில் செடி ஆடினாலும், 'யாரோ வருகிறார்கள்!' என்று மணியடிக்கும். இரவும் பகலும் அந்தப் பாலைவனத்தில் திரியும் எல்லைக் காவலர்களிடம், 'உங்களுக்கு என்ன ஐயா வேண்டும்?' என்று முன்கூட்டியே விவரமாகக் கேட்டவர்கள் இல்லை. சமைக்கிறவளைக் கேட்காமல் சமையலறை கட்டிய கதைதான். திட்டம் தவழ்ந்து தவழ்ந்து நடந்து, 2011 ஜனவரியில் கைவிடப்பட்டது. அதற்குள் ஏறக்குறைய 100 கோடி டாலர் செலவு. காவலுக்குள் வந்த எல்லையோ 53 மைல்தான்! அதற்குப் பிறகுதான், மலைக்கு ஒன்று, சமவெளிக்கு ஒன்று என்று இடத்துக்கு இடம் பார்த்து, ஏற்கெனவே செய்து பார்த்துப் பழகிய சாதனங்களை வாங்கும் புத்தி வந்தது.

இனி வரப்போவது உங்களுக்கு மிகவும் பழக்கமான விஷயம். தள்ளுபடி!

2012-ஆம் வருஷம் மே மாதம், அமெரிக்கப் பாராளுமன்றத்தின் கீழ்ச்சபைக் கமிட்டிகள் இரண்டு சேர்ந்து ஓர் அறிக்கை வெளியிட்டன. டெக்ஸாஸ் மாகாணம் டல்லஸ் நகரில், பாதுகாப்பு நிர்வாகத்தின் கிடங்கிலே 18 கோடி டாலருக்கு மேல் மதிப்புள்ள சாதனங்கள் சும்மா கிடக்கின்றன என்று அதில் கண்டிருந்தது. அவற்றில் வெடிமருந்துத் துகளைக் கண்டுபிடிக்கும் கருவிகள் மட்டும் 1,400-க்கு மேல். ஒன்றின் விலை 30,000 டாலர். இத்தனை எதற்கு வாங்கினீர்கள் என்று விசாரித்தபோது, மொத்தமாக வாங்கினால் விலை குறையும் என்பதற்காகத் தேவைக்கு மேல் வாங்கிவிட்டோம் என்று பதில் வந்ததாம்!

ஆடித் தள்ளுபடியில் நாலு புடவை அதிகமாக எடுத்துவிட்டு வீட்டில் பேச்சுக் கேட்ட சகோதரிகள், இதை வெட்டி வைத்துக்கொள்ளலாம். ஆனால் புடவைக்கும் கருவிக்கும் வித்தியாசம் உண்டு. பட்டுப் புடவை பெட்டியில் பத்து வருஷம் கிடந்தாலும் பட்டுதான். கருவியோ கிடங்கில் கிடக்கும் ஒவ்வொரு நாளும் பழசாகிறது. அதற்குள் திருடனும் புதுத் தந்திரம் கற்றுக்கொண்டுவிடுகிறான்.

இவையெல்லாம் பண நஷ்டம். பணத்தைவிடப் பெரிய விஷயம் ஒன்று இருக்கிறது.

2009-ஆம் வருஷம் நவம்பர் மாதம், நைஜீரியா தேசத்தில் வசதியும் செல்வாக்கும் உள்ள ஒரு பாங்க் அதிகாரி அமெரிக்கத் தூதரகத்தின் வாசற்படி ஏறினார். யேமன் தேசத்துக்குப் போன தம்முடைய மகன் தீயவர்களின் வலையில் விழுந்துவிட்டான் என்று அஞ்சுவதாகச் சொன்னார். பெற்ற பிள்ளையைப் பற்றி ஒரு தகப்பன் அந்நிய சர்க்காரிடம் போய் இப்படிச் சொல்ல வேண்டுமானால், அவர் மனசு என்ன பாடுபட்டிருக்கும்! தூதரகத்தார் குறித்துக்கொண்டார்கள். ஆனால் பெயரில் ஓர் எழுத்துப் பிழை. அந்தப் பிழையினால், பையனிடம் அமெரிக்கா போக விஸா இருக்கிற விஷயம் முதலில் தெரியாமலே போயிற்று. விமானம் ஏறக்கூடாதவர்கள் பட்டியலிலும் அவன் பெயர் சேரவில்லை.

அவ்வருஷக் கிறிஸ்துமஸ் தினத்தன்று, ஆம்ஸ்டர்டாமிலிருந்து டெட்ராயிட் செல்லும் விமானத்தில், உள்ளாடைக்குள் தைத்து வைத்திருந்த வெடிமருந்தை அவன் பற்ற வைத்தான். தெய்வாதீனமாக அது எரிந்ததே தவிர வெடிக்கவில்லை. சக பிரயாணிகள் பாய்ந்து பிடித்தார்கள். ஏறக்குறைய 290 பேர் பிழைத்தார்கள்.

இங்கே குறைவாக இருந்தது எது என்று நினைக்கிறீர்கள்? யந்திரமா? தகப்பன் வந்து வாய் திறந்து சொன்னதைவிட எந்த யந்திரம் தெளிவாகச் சொல்லிவிடும்? வந்த சேதியைச் சரியாக எழுதி, ஓர் இலாகாவிலிருந்து இன்னோர் இலாகாவுக்குச் சேர்க்கும் வேலைதான் நடக்கவில்லை.

ஆனாலும், அந்தச் சம்பவத்துக்குப் பிறகு உடம்பை ஊடுருவிப் பார்க்கும் கூண்டுகளை அவசர அவசரமாக விமான நிலையங்களில் நிறுத்தினார்கள். எக்ஸ்ரே கதிரால் இயங்கிய ஒரு வகை, துணிக்கு அடியில் இருக்கும் உடம்பின் வடிவத்தையே படமாகக் காட்டியது. வேறோர் அறையில் அதிகாரி உட்கார்ந்து பார்ப்பார். பெண்கள் கூசினார்கள், கோபித்தார்கள், நியாயந்தானே? உடம்புக்குப் பதில் பொம்மைக் கோடு மட்டும் தெரியும்படி மாற்ற வேண்டும் என்று சட்டமே போட்டார்கள். குறித்த தவணைக்குள் அந்த வகைக் கூண்டில் மாற்ற முடியவில்லை. ஆகவே 2013-ஆம் வருஷத்துக்குள் அவற்றை விமான நிலையங்களிலிருந்து எடுத்துவிட்டார்கள். பெண்ணின் மானத்தைப் பற்றிய கேள்வியை வாங்குவதற்கு முன்னாலேயே கேட்டிருந்தால், பணமும் மிஞ்சியிருக்கும், மனசும் நோகாமல் இருந்திருக்கும்.

சரி, இத்தனை செலவு செய்தும் காவல் பலத்ததா? 2015-ஆம் வருஷம், சர்க்காரின் சொந்தப் பரிசோதகர்களே பிரயாணிகளைப் போல வேஷம் போட்டு, போலி வெடிகுண்டும் ஆயுதமும் மறைத்துக்கொண்டு போய்ப் பார்த்தார்கள். 70 தடவைகளில் 67 தடவை பிடிபடாமல் உள்ளே போய்விட்டார்கள் என்ற சேதி வெளியே வந்து, அந்த நிர்வாகத்தின் தற்காலிகத் தலைவரையே மாற்றும்படி ஆயிற்று. யந்திரம் மணியடித்தால் போதுமா? மணி எதற்காக அடித்தது என்று பார்க்கப் பழகிய கண்ணும் பொறுமையான கையும் வேண்டாமா? ஆளுக்குப் பயிற்சி, யந்திரத்துக்குப் பராமரிப்பு என்று பார்த்தால், சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம். அந்த முக்கால் பணத்தையும் சேர்த்துத்தான் விலை என்று எண்ண வேண்டும்.

அடி மேல் அடி விழுந்த பிறகு நல்ல காரியம் ஒன்றும் நடந்தது. 2014 டிசம்பரில் புதுச் சட்டம் ஒன்று வந்தது. அதன்படி, அடுத்த ஐந்து வருஷத்துக்கு எந்தெந்த ஆபத்துக்கு எந்தெந்தச் சாதனம் வேண்டும் என்று திட்டம் எழுதி வெளியிட வேண்டும். 3 கோடி டாலருக்கு மேற்பட்ட சாதனம் வாங்குவதானால், அது ஏன் தேவை என்பதைப் பாராளுமன்றத்துக்கு முன்கூட்டியே தெரிவிக்க வேண்டும். கிடங்கில் இருப்பதை முதலில் உபயோகிக்க வேண்டும். முதல் ஐந்தாண்டுத் திட்டம் 2015 ஆகஸ்டில் வெளிவந்தது. இதில் என்ன அதிசயம் இருக்கிறது? நீங்கள் மாசம் பிறந்தவுடன், அரிசி டின்னைத் திறந்து பார்த்துவிட்டு மளிகை லிஸ்ட் எழுதுகிறீர்களே, அதேதான்!

திட்டம் போட்டுவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்றும் சொல்ல முடியாது. 2006 ஆகஸ்டில், பானப் புட்டிகளில் திரவ வெடிமருந்தைக் கொண்டுபோய் விமானங்களைத் தகர்க்கச் செய்த சதி லண்டனில் பிடிபட்டது. அதற்கு முந்திய மாதம் வரையில், கைப்பையில் இருக்கும் தண்ணீர்ப் புட்டிக்கு யார் பயந்தார்கள்? ஆகையால், குடும்பத்தில் வைத்தியச் செலவுக்கென்று ஒரு தொகையை எடுத்து வைப்பதுபோல, எதிர்பாராத ஆபத்துக்கும் கொஞ்சம் பணமும் இடமும் விட்டு வைக்கிற திட்டமே நல்ல திட்டம். ஒரே சாமானில் முழுப் பணத்தையும் முடக்கிவிட்டால், நாளைக்குக் கைகட்டி நிற்க வேண்டியதுதான்.

இந்தப் பணம் யாருடையது என்பதையும் சொல்லிவிடுகிறேன். அமெரிக்க விமான நிலையத்திலிருந்து புறப்படும் பிரயாணியிடம் டிக்கெட்டோடு சேர்த்துப் பாதுகாப்புக் கட்டணம் வாங்குகிறார்கள். 2014 ஜூலையிலிருந்து அது ஒரு வழிக்கு 5 டாலர் 60 சென்ட் ஆயிற்று. அதிலும் ஒரு பங்கைச் சர்க்காரின் பொதுப் பற்றாக்குறையை ஈடுகட்ட எடுத்துக்கொள்ளும்படி 2013-ஆம் வருஷத்துச் சட்டம் ஒன்று செய்துவிட்டது. பால் பணத்தை எடுத்துப் பழைய கடனுக்குக் கட்டியது மாதிரி! பேரனைப் பார்க்கப் போன பாட்டியின் காசும் அதில் இருக்கிறது.

ஆகவே, எந்தத் தேசத்திலானாலும் சரி, 'எல்லையில் புதிய யந்திரம்', 'துறைமுகத்தில் நவீனக் கருவி' என்று பத்திரிகையில் பார்த்தால், எத்தனை கோடி என்பதோடு நின்றுவிடாதீர்கள். என்ன ஆபத்துக்காக? வைக்கப் போகும் இடத்தில் சோதித்தார்களா? உபயோகிக்கப் போகிறவரைக் கேட்டார்களா? ஆளும் பராமரிப்பும் உண்டா? பழையது என்ன ஆயிற்று? கிரைண்டர் கடையில் கேட்கத் தெரிந்த உங்களுக்கு இவற்றைக் கேட்கவும் தெரியும்.

கடைசியாக, அடுத்து அமெரிக்கா போகும் சகோதரிகளுக்கு ஒரு வார்த்தை. புடவை மடிப்போ, கொண்டையோ, ஊசியோ காரணமாகக் கூண்டு மணியடித்து, கையால் தடவிச் சோதிக்க வேண்டும் என்றால் பதற வேண்டாம். பெண் அதிகாரிதான் சோதிப்பார். எல்லார் முன்னாலும் வேண்டாம் என்று தோன்றினால், தனி அறை கேட்கலாம்; கூட வந்தவரைத் துணைக்கு அழைத்துக்கொள்ளவும் செய்யலாம். தயங்காமல் கேளுங்கள்.