பேய் நகரம் என்று எழுதுகிறவர்களுக்கு

கோலார் தங்கவயலைப் பற்றிய கட்டுரைகளில் இரண்டு தொடர்கள் மாறி மாறி வருகின்றன: 'குட்டி இங்கிலாந்து', 'பேய் நகரம்'. இரண்டையும் மறுக்கிறேன்.

முன்னது ஜான் டெய்லர் நிறுவனத்தாரின் பங்களாத் திண்ணையிலிருந்து பார்த்தவர்களின் சொல். வட ஆர்க்காட்டிலிருந்து வந்து சுரங்கத்தில் இறங்கியோர், பெரும்பாலும் தலித்துகள், மூங்கில் தட்டிக் குடிசைகளில் வாழ்ந்தனர். 1902இல் சிவசமுத்திரத்து மின்சாரம் பெங்களூரை முந்திக்கொண்டு இங்கு வந்ததைப் பெருமை பேசுவோர், அது சுரங்க எந்திரங்களுக்காக வந்தது என்பதை மட்டும் விழுங்கிவிடுகிறார்கள்.

பின்னது இன்னும் மோசம். 2001 பிப்ரவரி 28இல் மூடப்பட்டது சுரங்கம், ஊரல்ல. விடியுமுன் மாரிகுப்பத்தில் புறப்படும் ரயிலில் ஒருநாள் ஏறிப் பாருங்கள். பெங்களூர் ஏறத்தாழ 100 கி.மீ. பேய்கள் சீசன் டிக்கெட் எடுப்பதில்லை.

இவ்வூர்ப் பேச்சைக் 'கலப்புத் தமிழ்' என்று ஒதுக்கும் மொழியியலாளர்களுக்கும் (நானும் அத்துறையில் பயின்றவர்தான்) ஒரு சொல்: அயோத்திதாசர் 1914இல் மறைந்த பின், 'தமிழன்' இதழுக்கு ஜி. அப்பாதுரையார் மறுவாழ்வு தந்தது இந்தத் தங்கவயலில்தான். சென்னை கைவிட்டதை இங்குள்ள தொழிலாளர் கூலிக்காசு காப்பாற்றியது.

மரபுக் கட்டடங்களைப் பட்டியலிட வருவோர் கிளப் மாளிகையின் முன்னே நின்று படமெடுத்துத் திரும்புகிறார்கள். லைன் வீடுகள் அவர்கள் கணக்கில் மரபல்ல, ஆக்கிரமிப்பு. காற்றடி காலத்தில் சயனைடு மேட்டின் தூசு எந்தத் தெருவில் இறங்குகிறதோ, உங்கள் கள ஆய்வை அங்கே தொடங்குங்கள்.